பிரபஞ்சம் எவ்வளவு பெரியது என்று எப்படித் தெரிந்தது?

சூரியன் நம்மிடமிருந்து சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகூட இதைச் சொல்லிவிடும். ஆனால் இந்த எண் ஓரளவு சரியாகக் கையில் கிடைத்து முந்நூற்றைம்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முந்தைய ஈராயிரம் ஆண்டுகளில் கிரேக்கர் காலம் தொட்டுப் பலரும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது உண்மையான தூரத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான்.

பிரபஞ்சத்தைப் பற்றிப் படிக்கும்போது பெரிய பெரிய எண்கள் வரிசையாக வரும். வயது 1380 கோடி ஆண்டுகள், பக்கத்து விண்மீன் திரளான ஆண்ட்ரோமீடா 25 லட்சம் ஒளியாண்டு தூரம் (ஒளி ஓர் ஆண்டில் ஓடும் தூரம் ஓர் ஒளியாண்டு), நம் விண்மீன் திரளான பால்வெளியின் குறுக்களவு சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டு. படித்து வியந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். இவை தனித்தனியாகக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. அருகில் உள்ளதன் தூரம் தெரிந்த பிறகுதான் அதை வைத்து அடுத்ததை அளக்க முடிந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது சூரியனின் தூரம். ஆகவே பிரபஞ்சத்துக்கு ஓர் அறிமுகம் எழுதுவதென்றால் அளந்தவர்கள் போன வழியிலேயே போக வேண்டும் என்பது என் எண்ணம். வெறும் எண்களைவிட அந்த வழிதான் அழகு.

முதலில் சூரியக் குடும்பத்தைப் பார்த்துவிடலாம். இதன் மொத்த நிறையில் 99.86 சதவீதம் சூரியனிடமே இருக்கிறது. மீதியில் பெரும்பகுதியை வியாழன் வைத்திருக்கிறது. அதன் நிறை பூமியைப்போல 318 மடங்கு. பூமி, நிலா, செவ்வாய், சிறுகோள்கள், வால்மீன்கள் எல்லாம் கணக்கில் பெரிதாக வராது. உள்ளே புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் என நான்கு பாறைக் கோள்கள். வெளியே வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என நான்கு பெருங்கோள்கள். இந்தப் பிரிவினைக்குக் காரணம் வெப்பம். சுமார் 457 கோடி ஆண்டுகளுக்கு முன் வாயுவும் தூசியும் நிறைந்த மேகம் ஒன்று தன் ஈர்ப்பாலேயே சுருங்கி, சுழலும் தட்டாக மாறியது. நடுவில் சூரியன் உருவானது. அதன் அருகே இருந்த வெப்பத்தில் நீர், அம்மோனியா, மீத்தேன் எதுவும் உறைய முடியவில்லை. உலோகமும் பாறைத் துகளும் மட்டுமே திரண்டன. அவை குறைவு என்பதால் உள்கோள்கள் சிறியவை. தள்ளி இருந்த குளிரில் பனியும் சேர்ந்து திரண்டதால் அங்கே கோள்களின் கருக்கள் வேகமாகப் பெருத்தன. பெருத்தவை சுற்றியிருந்த ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் இழுத்துப் போர்த்திக்கொண்டன.

நெப்டியூனுக்கு அப்பால், சிறு பனிப்பொருள்கள் நிறைந்த கைப்பர் பட்டை. 1930இல் கண்டுபிடிக்கப்பட்டு, 2006இல் குறுங்கோள் என்று வகை மாற்றப்பட்ட புளூட்டோ இருப்பது இங்கேதான். அதற்கும் வெகு தூரத்துக்கு அப்பால், நீண்ட கால வால்மீன்கள் புறப்படும் ஊர்ட் மேகம்.

பாடப் புத்தகப் படங்களில் எட்டுக் கோள்களும் அடுத்தடுத்து ஒரே வரிசையில் நிற்கும். வேறு வழியில்லாமல்தான் அப்படி வரைகிறார்கள். ஆனால் மனதில் பதிந்துபோகிற தவறான சித்திரங்களில் இதைவிடப் பெரியது இல்லை. சூரியனை ஒரு மீட்டர் அகலமுள்ள பந்தாக வைத்துக்கொள்ளுங்கள். பூமி 9 மில்லிமீட்டர் மணி. இருக்கும் இடம் 107 மீட்டர் தள்ளி. வியாழன் 10 சென்டிமீட்டர், அரைக் கிலோமீட்டருக்குச் சற்று அப்பால். நெப்டியூன் மூன்றேகால் கிலோமீட்டரில். சரி, இதே அளவில் அடுத்த விண்மீனான பிராக்சிமா சென்டாரியை எங்கே வைப்பது? சுமார் 28,800 கிலோமீட்டர் தள்ளி. நிஜமான பூமியைக் கிட்டத்தட்ட முக்கால் வட்டம் சுற்றிவரும் தூரம் அது. நடுவில் உள்ள இடம் பெரும்பாலும் வெறுமை.

இதையெல்லாம் எப்படி அளந்தார்கள்?

1619இல் கெப்ளர் தன் மூன்றாம் விதியை வெளியிட்டார். ஒரு கோள் சூரியனைச் சுற்ற எடுக்கும் காலத்தின் இருமடியும், சூரியனிலிருந்து அதன் தூரத்தின் மும்மடியும் ஒரே விகிதத்தில் இருக்கும். வியாழன் ஒரு சுற்றுக்கு 11.86 ஆண்டுகள் எடுக்கிறது. இதைக் கொண்டே அது பூமியைவிட 5.2 மடங்கு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆக, சூரியக் குடும்பத்தின் வரைபடம் துல்லியமாகக் கிடைத்துவிட்டது. ஆனால் அதில் ஒரு தூரத்தைக்கூடக் கிலோமீட்டரில் சொல்ல முடியாத நிலை. ஏதாவது ஒரு கோளின் உண்மையான தூரம் தெரிந்தால் போதும், மற்ற எல்லாம் அந்த நொடியே தெரிந்துவிடும்.

1672இல் செவ்வாய் பூமிக்கு நெருங்கி வந்தது. பாரிஸில் இருந்த காசினி, தன் சகாவான ரிஷரைத் தென் அமெரிக்காவின் கயேனுக்கு அனுப்பியிருந்தார். சுமார் 7000 கிலோமீட்டர் இடைவெளியில் இருவரும் செவ்வாயைப் பார்த்தபோது, பின்னணி விண்மீன்களுக்கு எதிரே அது நிற்கும் இடம் சற்றே மாறித் தெரிந்தது. இதுதான் இடமாறு தோற்றம். அந்தக் கோணமும் இரு ஊர்களுக்கு இடையிலான தூரமும் தெரிந்தால் மீதி முக்கோணவியல். சூரியனுக்குச் சுமார் 14 கோடி கிலோமீட்டர் என்று விடை வந்தது. உண்மைக்கு வெகு அருகில் வந்துவிட்டார்கள்.

இதைவிடத் துல்லியமான வழி ஒன்றை 1716இல் எட்மண்ட் ஹாலி முன்வைத்தார். வெள்ளிக் கோள் மிக அரிதாகச் சூரியனின் முகத்தைக் குறுக்காகக் கடக்கும். பூமியின் வெவ்வேறு இடங்களில் இருப்பவர்களுக்கு அது கடக்கும் பாதை சற்று மேலும் கீழுமாகத் தெரியும், கடக்க ஆகும் நேரமும் மாறும். நேரத்தை மட்டும் ஒழுங்காகக் குறித்தால் போதும். அடுத்த வெள்ளி இடைநகர்வு 1761இல் வரும், அதுவரை தான் உயிரோடு இருக்கப்போவதில்லை என்பது ஹாலிக்குத் தெரியும். பின்னால் வருபவர்கள் மறந்துவிடக் கூடாது என்று வலியுறுத்தி எழுதிவைத்தார். 1742இல் அவர் இறந்தார். 1761, 1769 ஆகிய இரண்டு முறையும் ஐரோப்பிய நாடுகள் போர், கடல், நோய் எல்லாவற்றையும் தாண்டி உலகின் பல மூலைகளுக்கு ஆட்களை அனுப்பின. கேப்டன் ஜேம்ஸ் குக் தாஹிட்டித் தீவுக்குப் போனது இதற்காகத்தான்.

அங்கே எதிர்பாராத ஒரு சிக்கல். வெள்ளியின் கரிய வட்டம் சூரியனின் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்த பிறகும் அதிலிருந்து விட்டு விலகாமல், நடுவே கறுப்பாக ஒரு கழுத்து நீண்டு தெரிந்தது. எந்த நொடியில் அது சரியாக உள்ளே வந்தது என்று சொல்ல முடியவில்லை. அருகருகே நின்று பார்த்தவர்கள்கூடப் பல நொடிகள் வேறுபட்ட நேரங்களைக் குறித்தார்கள். நம் காற்று மண்டலமும், தொலைநோக்கியின் வரம்பும், விளிம்புப் பக்கம் சூரிய ஒளி மங்குவதும் சேர்ந்து செய்யும் வேலை அது. இருந்தாலும் எல்லாக் கணக்குகளையும் சேர்த்துப் பார்த்தபோது விடை 15 கோடி கிலோமீட்டரை ஒட்டியே வந்தது. 1961இல் வெள்ளியை நோக்கி ரேடார் அலைகளை அனுப்பி, அவை திரும்பிவரும் நேரத்தை அளந்து இந்தத் தூரத்தைத் துல்லியமாக்கினார்கள். 2012இல், பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரத்தைக் குறிக்கும் வானியல் அலகு என்பது 149,597,870,700 மீட்டர் என்று வரையறுக்கப்பட்டது.

சூரியனின் தூரம் தெரிந்ததும் கூடவே ஒளியின் வேகமும் வசப்பட்டது. வியாழனின் நிலவான ஐயோ, அந்தக் கோளின் நிழலுக்குள் மறைவது சில மாதங்களில் சீக்கிரமாகவும் சில மாதங்களில் தாமதமாகவும் நடப்பதை டென்மார்க்கைச் சேர்ந்த ரோமர் கவனித்தார். பூமி வியாழனிலிருந்து விலகிப் போகும்போது ஒளி கூடுதல் தூரம் வர வேண்டியிருக்கிறது, அதனால்தான் தாமதம் என்று 1676இல் அவர் விளக்கினார். ஒளிக்கு வேகம் உண்டு என்று முதலில் காட்டியது இதுதான். அந்த வேகம் நொடிக்கு 2,99,792 கிலோமீட்டர் என்பது இன்று நமக்குத் தெரியும். சூரிய ஒளி இங்கே வர 8 நிமிடம் 19 நொடி. நெப்டியூனுக்கு நாலு மணி நேரத்துக்கும் சற்று அதிகம். ஓர் ஆண்டு முழுக்க ஒளி ஓடும் தூரமான ஓர் ஒளியாண்டு 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்.

அப்புறம் விண்மீன்கள். சூரியனின் தூரம் இங்கேதான் நேரடியாக வேலை செய்கிறது. பூமி ஆறு மாதத்தில் தன் பாதையின் எதிர்முனைக்குப் போய்விடும். இரண்டு முனைகளுக்கும் இடையே 30 கோடி கிலோமீட்டர். ஜனவரியில் ஒரு முறை, ஜூலையில் ஒரு முறை பார்த்தால், அருகில் உள்ள விண்மீன் தொலைவில் உள்ளவற்றுக்கு எதிரே இடம் மாறித் தெரிய வேண்டும். பூமி சுற்றுகிறது என்றால் இந்த இடமாற்றம் எங்கே என்று 16ஆம் நூற்றாண்டில் டைகோ பிராஹே கேட்டார். வெறுங்கண்ணால் அந்தக் காலத்தில் அவரைவிடத் துல்லியமாக அளந்தவர் இல்லை. அவருக்கு எதுவும் தெரியவில்லை, அதனால் பூமி அசையவில்லை என்று முடிவுகட்டினார். அவர் கேட்ட கேள்வி நியாயமானது. விண்மீன்கள் அத்தனை தூரத்தில் இருக்கும் என்பதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை.

விடை வர 1838 ஆனது. 61 சிக்னி என்ற மங்கலான விண்மீன் ஓர் ஆண்டில் ஆடும் சிறு ஆட்டத்தை ஜெர்மானிய வானியலாளர் பெசல் அளந்தார். அவருக்குக் கிடைத்த கோணம் 0.31 வினாடி, ஒரு பாகையை 3600ஆகப் பிரித்தால் வரும் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஒரு சென்டிமீட்டர் நீளத்தை ஆறரைக் கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்தால் இவ்வளவுதான் தெரியும். அந்த விண்மீன் சுமார் 11 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அந்த நாள் வரை எந்த விண்மீனின் தூரமும் உறுதியாகத் தெரிந்திருக்கவில்லை. 2013இல் ஏவப்பட்டு 2025இல் ஓய்வு பெற்ற கையா விண்கலம் இதே முறையில்தான், பூமியின் காற்றுத் தொல்லை இல்லாமல், கோடிக்கணக்கான விண்மீன்களின் தூரத்தை அளந்தது.

ஆனால் இடமாறு தோற்றத்துக்கு எல்லை உண்டு. தூரம் கூடக் கூடக் கோணம் சுருங்கி ஒன்றுமில்லாமல் போய்விடும். அதற்கப்பால் வேறொன்று வேண்டும். அதைக் கண்டுபிடித்தவர் ஹென்றியெட்டா லெவிட். இந்தக் கதையில் நான் மிகவும் மதிப்பது இவரைத்தான். ஹார்வர்டு வானாய்வகத்தில் பெண்கள் தொலைநோக்கியில் உட்கார அனுமதி இல்லாத காலம். கண்ணாடித் தகடுகளில் எடுத்த படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, விண்மீன்களின் ஒளியைக் குறித்துவைப்பது அவருடைய வேலை. சிறிய மெகல்லன் மேகம் என்ற விண்மீன் கூட்டத்தில், சீரான கால இடைவெளியில் பிரகாசித்து மங்கும் செஃபீட் வகை விண்மீன்களை அவர் தொகுத்தார். 1912இல் அவற்றில் 25ஐ வைத்து ஒரு விதியைக் காட்டினார். துடிப்பு எவ்வளவு மெதுவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு விண்மீன் பிரகாசமானது. அவை எல்லாம் ஒரே கூட்டத்தில், நம்மிடமிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பதால், கண்ணுக்குத் தெரியும் பிரகாச வேறுபாடு உண்மையான வேறுபாடுதான் என்று அவரால் துணிந்து சொல்ல முடிந்தது.

இந்தத் துடிப்புக்குக் காரணம் விண்மீனின் மேலடுக்கில் உள்ள ஹீலியம். அடுக்கு அமுங்கிச் சூடாகும்போது ஹீலியம் எலக்ட்ரான்களை இழந்து ஒளியை வெளியே விடாமல் தடுக்கிறது. வெப்பம் தேங்கி அடுக்கு விரிகிறது. விரிந்ததும் குளிர்ந்து, ஒளி வெளியேறி, மறுபடி உள்ளே சரிகிறது. பெரிய விண்மீனில் இந்தச் சுற்றுக்கு அதிக நாளாகும். ஆகவே துடிப்பின் காலத்தை எண்ணினால் உண்மையான பிரகாசம் தெரியும். எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதோடு அதை ஒப்பிட்டால் தூரம் கிடைத்துவிடும். இரு மடங்கு தூரம் போனால் ஒளி நாலில் ஒரு பங்காகும்.

அன்று பெரிய வாக்குவாதம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வானில் தெரியும் சுருள் வடிவ மேகங்கள் நம் பால்வெளிக்குள் இருப்பவையா, அல்லது தனித்தனி விண்மீன் திரள்களா? 1920இல் ஷாப்லியும் கர்டிஸும் வாஷிங்டனில் இதைப் பற்றி நேருக்கு நேர் பேசினார்கள், முடிவு கிட்டவில்லை. 1923 அக்டோபர் 5-6 இரவு மவுண்ட் வில்சன் மலையின் 100 அங்குலத் தொலைநோக்கியில் எட்வின் ஹப்பிள் ஆண்ட்ரோமீடாவைப் படமெடுத்தார். தகட்டில் தெரிந்த மூன்று புதிய புள்ளிகளைத் திடீரென வெடித்துப் பிரகாசிக்கும் நோவாக்கள் என்று நினைத்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எழுத்தைப் போட்டார். பழைய தகடுகளோடு ஒப்பிட்டபோது அவற்றில் ஒன்று மங்கி மங்கிப் பிரகாசிப்பது தெரிந்தது. அந்த எழுத்தை அடித்துவிட்டு, மாறும் விண்மீன் என்பதற்கான சுருக்கத்தை ஓர் ஆச்சரியக்குறியோடு எழுதினார். அந்தத் தகடு இன்றும் இருக்கிறது. அது 31 நாள் துடிப்புள்ள செஃபீட். லெவிட்டின் விதிப்படி கணக்கிட்டால் ஆண்ட்ரோமீடா சுமார் 9 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருந்தது. பால்வெளியின் எல்லைக்கு வெகு அப்பால். 1925 ஜனவரி 1 அன்று இது அறிவிக்கப்பட்டபோது, அதுவரை பிரபஞ்சம் முழுவதும் என்று கருதப்பட்ட பால்வெளி, பல திரள்களில் ஒன்றானது. லெவிட் அதைப் பார்க்க இல்லை, 1921இலேயே காலமாகிவிட்டார்.

இதற்கிடையே வெஸ்டோ ஸ்லிஃபர் 1912 முதல் இந்தச் சுருள் திரள்களின் நிறமாலையை, அதாவது நிறங்களாகப் பிரித்த ஒளியை, படமெடுத்துவந்தார். பெரும்பாலானவற்றின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தது, அதாவது அவை விலகிப் போகின்றன. 1927இல் லெமெய்த்ர், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து பிரபஞ்சம் விரிகிறது என்று எழுதினார். 1929இல் ஹப்பிள், தூரம் கூடக் கூட விலகும் வேகமும் கூடுகிறது என்று அளந்து காட்டினார். திரள்கள் வெளியின் ஊடாகப் பாய்ந்தோடவில்லை, இடையில் உள்ள வெளியே விரிகிறது. பின்னோக்கிப் போட்டால் எல்லாம் நெருக்கமாகச் சேர்ந்திருந்த ஒரு தொடக்கம் வருகிறது.

இங்கேதான் கணக்கு இடித்தது. ஹப்பிளின் எண்ணின்படி ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டுக்கும் விலகும் வேகம் நொடிக்கு சுமார் 500 கிலோமீட்டர் கூடியது. இதைப் பின்னோக்கிப் போட்டால் பிரபஞ்சத்தின் வயது 200 கோடி ஆண்டுகள்தான். ஆனால் பாறைகளில் உள்ள கதிரியக்கத் தனிமங்களைக் கொண்டு பூமியின் வயதைக் கணித்தவர்கள் அதைவிட அதிகமாகச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். பூமி பிரபஞ்சத்தைவிட மூத்ததாக இருக்க முடியாதே!

தவறு இருந்தது தூரத்தில். இரண்டாம் உலகப் போரின்போது லாஸ் ஏஞ்சலஸ் நகரம் விளக்கணைப்பில் இருட்டாகக் கிடந்தது. ஜெர்மானியர் என்பதால் போர் வேலைகளில் சேர்க்கப்படாத வால்டர் பாடே, மலை மேலேயே இருந்து அந்த இருட்டில் ஆண்ட்ரோமீடாவின் நடுப்பகுதி விண்மீன்களைத் தனித்தனியாகப் படமெடுத்தார். விண்மீன்களில் இரண்டு தலைமுறைகள் இருப்பது தெரிந்தது. செஃபீட்களிலும் இரண்டு வகை. ஹப்பிள் பார்த்தது பிரகாசமான வகை, அதற்குப் பயன்படுத்திய அளவோ மங்கலான வகைக்கு உரியது. 1952இல் பாடே இதை அறிவித்தபோது ஆண்ட்ரோமீடா ஒரே நாளில் இரு மடங்கு தூரம் போனது. பிரபஞ்சத்தின் வயதும் அதே அளவு கூடியது. 1956இல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களில் இருந்த ஈயத்தைக் கொண்டு பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று நிறுவினார். 1958இல் ஆலன் சாண்டேஜ் இன்னும் சில பிழைகளைக் களைந்து விரிவின் வேகத்தை, அதே 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு, நொடிக்கு 75 கிலோமீட்டருக்குக் கொண்டுவந்தார். முரண்பாடு பெரும்பாலும் தீர்ந்தது.

தொடக்கம் இருந்தது என்பதற்கு நேரடிச் சான்று 1965இல் வந்தது. பென்சியாஸும் வில்சனும் தங்கள் வானொலி ஏற்பியில் எத்திசையிலிருந்தும் வந்த விடாத இரைச்சலை, பிரபஞ்சம் 3,80,000 ஆண்டு வயதில் வெளியிட்ட ஒளியின் மிச்சம் என்று அறிந்தார்கள். இன்று அது குளிர்ந்து, வெப்பநிலையின் கீழ் எல்லையான தனிப்பூச்சியத்துக்கு மேல் 2.7 டிகிரியில் நுண்ணலையாக எங்கும் நிரம்பியிருக்கிறது.

செஃபீட்களுக்கும் எட்டாத தூரத்துக்கு ஒரு வகை சூப்பர்நோவா உதவியது. எரிந்து முடிந்து சுருங்கிய வெண்குறு விண்மீன் ஒன்று, துணை விண்மீனிடமிருந்து பொருளை இழுத்து, சூரியனைப்போல சுமார் 1.4 மடங்கு நிறையை நெருங்கும்போது வெடித்துவிடும். இந்த எல்லையைக் கணித்தவர் சந்திரசேகர். வெடிப்புகள் ஏறக்குறைய ஒரே பிரகாசம் உள்ளவை என்பதால் தூரத்தைச் சொல்லிவிடலாம். 1998இல் இவற்றை அளந்த இரண்டு குழுக்களும் எதிர்பாராத ஒன்றைக் கண்டன. விரிவு வேகம் குறைய வேண்டியதற்குப் பதில் கூடிக்கொண்டே போகிறது. அதற்குக் காரணமானதை கரும் ஆற்றல் என்கிறோம். இன்றைய கணக்கில் பிரபஞ்சத்தில் 68 சதவீதம் அதுதான். 27 சதவீதம் கரும்பொருள், அதாவது ஒளி விடாத, ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் பொருள். விண்மீன், கோள், நீங்கள், நான் எல்லாம் அடங்கிய சாதாரணப் பொருள் 5 சதவீதம்.

இந்த விரிவினால்தான் இன்னொரு குழப்பமும். வயது 1380 கோடி ஆண்டு என்றால் நாம் பார்க்கக்கூடிய எல்லையும் 1380 கோடி ஒளியாண்டு என்று தோன்றும். அப்படியில்லை. ஒளி வந்துகொண்டிருந்த காலம் முழுக்க வெளி விரிந்துகொண்டே இருந்ததால், அது புறப்பட்ட இடம் இப்போது சுமார் 4650 கோடி ஒளியாண்டு தள்ளிப் போயிருக்கிறது. அதற்கப்பாலும் பிரபஞ்சம் இருக்கலாம், ஒளி இன்னும் நம்மை எட்டவில்லை.

இப்போது மறுபடியும் ஒரு கணக்கு இடிக்கிறது. செஃபீட்களையும் சூப்பர்நோவாக்களையும் கொண்டு அளந்தால் விரிவின் வேகம் அதே அலகில் 73. பிளாங்க் விண்கலம் பதிவுசெய்த அந்தப் பழைய நுண்ணலை ஒளியிலிருந்து கணித்தால் 67.4. இரண்டும் அவரவர் பிழை எல்லைகளுக்குள் ஒத்துவர மறுக்கின்றன. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி அளந்த செஃபீட்களில் பக்கத்து விண்மீன்களின் ஒளி கலந்துவிட்டதோ என்ற சந்தேகம் இருந்தது. கூர்மையான பார்வை கொண்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் மறுபடி அளந்தபோது அந்த அளவுகள் சரி என்றே வந்தது. வெண்டி ஃபிரீட்மன் குழுவினர் செஃபீட்களுக்குப் பதிலாகச் சிவப்புப் பெருவிண்மீன்களை வைத்து அளக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது 70ஐ ஒட்டிய எண், இரண்டுக்கும் நடுவில். தூரக் கணக்கின் ஏதோ ஒரு படியில் பாடே கண்டதைப் போன்ற பிழை ஒளிந்திருந்தால், அது வெளிப்பட்டதும் 73 கீழே இறங்கிவிடும். பிழை இல்லையென்றால், பிரபஞ்சத்தின் முதல் 3,80,000 ஆண்டுகளில் நாம் கணக்கில் சேர்க்காத ஏதோ ஒன்று விரிவைக் கொஞ்ச காலம் முடுக்கியிருக்கலாம். அப்படியானால் 1380 கோடி என்ற வயதையும் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.